மாராத்தா சீயென்று சொன்ன தண்ணீர்

ஆற்றின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடக்கூடிய ஊர் ஒன்று உண்டு, அந்த ஊரில்தான் இது நடந்தது. பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு ரோசம் வருவது பேரைச் சொல்லும்போது மட்டும்தான், மற்ற நேரத்தில் அதை எங்கே வைத்திருக்கிறார்களோ தெரியாது, ஆகையால் பேர் வேண்டாம். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறைகள் ஆற்றின் இரண்டு கரையிலும், தாய்ப்பன்றியின் மடியில் குட்டிகள் முட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி கிடந்தன. ஆறு கொடுத்தது, அவை குடித்தன, குடித்துவிட்டு ஆற்றிலேயே கழிந்தன. சிவப்பாகக் கழிந்தன, நீலமாகக் கழிந்தன, பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்தில் பச்சையாகக் கழிந்தன, அந்தக் கரையிலேயே பந்தல் போட்டு ஆடிப்பெருக்குக்குப் பூவும் விட்டார்கள்.

இப்படியே போனால் அத்தனை பட்டறைக்கும் பூட்டுத்தான் என்று மேலிடத்தில் அதட்டல் வந்த பிறகு, முதலாளிமார்கள் சங்கம் கூட்டி, ஊருக்குத் தெற்கே ஒரு பிளாண்ட் கட்டினார்கள். எல்லாப் பட்டறைத் தண்ணீரும் குழாயில் அங்கே வந்து சுத்தமாகி அப்புறம்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், கோளாறு ஏற்பாட்டில் இல்லை.

சாயத்தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அழுக்கு என்றால் கனமானது, விட்டுவிட்டால் தானாகக் கீழே இறங்கிவிடும் என்று நினைப்போம். சாயத்தின் அழுக்கு அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத பொடியாக, ஒன்றை ஒன்று தொடாமல், சண்டைக்காரப் பங்காளிகள் ஒரே கல்யாணப் பந்தலில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு நிற்கிற மாதிரி, தண்ணீர் முழுக்க நின்றுகொண்டே இருக்கும், மாசக்கணக்கில் விட்டாலும் இறங்காது. அதற்குத்தான் மருந்து. படிகாரம், அன்னபேதி, சுண்ணாம்பு, அப்புறம் கம்பெனியிலிருந்து மூட்டையில் வருகிற மஞ்சள் பொடி. மருந்து விழுந்ததும் அழுக்கெல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, திரிந்த பால் போலத் திப்பி திப்பியாகி, கனத்து, தொட்டியின் அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை ஆற்றில் விடலாம்.

மருந்தை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மேலிடத்திலிருந்து தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் மூட்டையைப் பிரித்தார்கள். மற்ற நாளெல்லாம் மூட்டைகள் கூடத்தில் சாமி மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, தண்ணீர் வந்த நிறத்திலேயே போனது. படிகார மூட்டையில் மட்டும் நல்ல கட்டியாகப் பார்த்துப் பொறுக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து, ஒவ்வொரு பட்டறை வாசலிலும் தொங்கவிட்டார்கள். ஊர்க் கண் பட்டுவிடக் கூடாதாம். அவர்களைப் பார்த்து யார் பொறாமைப்பட்டார்கள் என்று அந்தத் தொங்கும் கட்டிக்குத்தான் தெரியும்.

பிளாண்டுக்குக் கீழே, ஆற்றோரத்தில், மாராத்தா என்று ஒரு பொம்பளைக்கும் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கும் ஒரு கிணறும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. ஆற்றில் வந்த நிறமெல்லாம் மண்ணுக்குள் ஊறி அந்தக் கிணற்றுக்கும் வந்தது. இளநீரை வெட்டினால் ரோஸ் நிறத்தில் தண்ணீர் வந்தது. சென்னியப்பன் புலம்பல்காரர். கூட்டம் எங்கே நடந்தாலும் எழுந்து நின்று புலம்புவார், கூட்டம் இல்லாத நாளில் வீட்டில் புலம்புவார், குழம்பில் உப்பு, வேலியில் ஆடு, மேகம் வந்து மழை வராமல் போனது, காக்காய் இந்தப் பக்கமே வந்து கத்துவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு குறை உண்டு. மாராத்தாவுக்கு அது ரேடியோ மாதிரி. அது பாடிக்கொண்டிருந்தால்தான் அவளுக்குக் கை வேலை ஓடும். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒரு நாளும் இளக்காரமாகப் பார்த்ததில்லை. கோபமாகப் பார்த்திருக்கிறாள், அது வேறு.

அவள் அடிக்கடி ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு பிளாண்டுக்குப் போவாள். அப்படிப் போன ஒரு முற்பகலில் சங்கத் தலைவர் பொன்னுலிங்கமே அங்கே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று விரல் விபூதி. அவர் பட்டறையில் எத்தனையோ நிறம் ஓடியது, அவர் மேல் மட்டும் ஒரு சொட்டு தெறித்ததில்லை.

சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இதென்ன ஆத்தா, வெயில் பட்டா அப்புடித்தான் தெரியும். சித்தே நெழல்ல வெச்சுப் பாரு."

"நெழல்ல வெச்சுத்தானுங்க கொண்டாந்தேன்."

"இந்தத் தொட்டித் தண்ணியிலதான் எங்கூட்ல ரசமே வெக்கறாங்க. அந்த வள்ளி தெய்வானை மேல சத்தியம்."

அப்போது மாராத்தாவின் அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. கோபமில்லை, கோபம் அவளுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி, குளிர்ந்துபோய், கனமாக, எந்தச் சத்தமும் இல்லாமல் ஏறி வந்தது. அந்த வெள்ளைச் சட்டையின் மேல் அதை இறக்கினால் சட்டை கௌரவப்பட்டுப் போகும் என்று தோன்றியதாலோ என்னவோ, அவள் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் கருநீலமாக நுரைத்துக்கொண்டிருந்த பெரிய தொட்டியைக் குனிந்து பார்த்து, "சீ" என்றாள்.

தொட்டி அடங்கியது. அதற்குள் தூணுக்குத் தூண் தள்ளி நின்ற அழுக்கெல்லாம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிட்ட மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒண்டி, திப்பி திப்பியாகிச் சுருண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடிக்குப் போய் உட்கார்ந்தது. மேலே நின்ற தண்ணீரில் பொன்னுலிங்கத்தின் வேட்டிக் கரை முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தது.

பிளாண்ட் சூப்பர்வைசர் குப்புராசு தொட்டியைப் பார்த்தான், கூடத்தைப் பார்த்தான். "மூட்டையப் பிரிக்கவே இல்லீங்களே தலைவரே" என்றான்.

"அப்ப மூட்டை மிச்சம்" என்றார் பொன்னுலிங்கம்.

அவ்வளவுதான். அந்த ஊரில் அந்த அதிசயத்துக்குக் கிடைத்த மரியாதை அந்த மூன்று வார்த்தைதான். வேறு ஊராக இருந்தால் கற்பூரம் கொளுத்தியிருப்பார்கள், இல்லை பயந்தாவது ஓடியிருப்பார்கள். இவர்கள் மறுநாளே ஆறு கண்ணாடிக் குவளையில் ஆறு பட்டறைத் தண்ணீரை ஊற்றி மேசையில் வரிசையாக வைத்து, மாராத்தாவை நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்தக் குவளைக்கு எத்தனை பலமாகச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பார்த்தார்கள். "இதுக்குக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கக்கா, மஞ்சக் கலரு லேசுலயே எறங்கிரும்" என்று குப்புராசு சொன்னான். கறுப்புச் சாயம்தான் எதற்கும் மசியாது, அதற்கு மட்டும் வயிற்றிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"சம்பளம் என்ன வேணும் சொல்லு ஆத்தா" என்றார் பொன்னுலிங்கம்.

"சம்பளம் கெடக்குது. என்ற கெணறு தெளியோணும். வருசம் முச்சூடும், அதிகாரி வாரன்னிக்கு மட்டுமில்ல. அதுக்குத்தான் வாறேன்."

"தெளிஞ்சாப் போச்சு" என்றார் அவர், யார் வீட்டு விருந்துக்கோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

இப்படியாக மாராத்தா தினம் பிளாண்டுக்குப் போனாள். காலையில் தொட்டி ஓரத்தில் நின்று சீ என்பாள், பொழுதோடு வீட்டுக்கு வருவாள். முதல் நாள் வந்தவுடன், அந்தப் பார்வை ஆறாமலேயே அடுப்பிலிருந்த பாலை எட்டிப் பார்த்துவிட்டாள், பால் அத்தனையும் திரிந்து போனது. சென்னியப்பன் அதற்கு ஒரு பாட்டம் புலம்பினார். அன்றிலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். வந்ததும் வீட்டுக்குள் போகாமல் கடைசித் தென்னைக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அன்றைக்குக் கிளம்பிய இளக்காரமெல்லாம் வடிந்த பிறகுதான் எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். பால் மட்டும் காரணமில்லை, பிளாண்டிலும் ஒரு விஷயம் நடந்திருந்தது. அவள் திரும்பும்போது பார்வையின் ஓரம் குப்புராசு மேல் லேசாகப் பட்டு, அவனுக்குள் இருந்த கசடு கொஞ்சம் இறங்கி இடது பாதத்தில் தங்கிவிட்டது. பாதம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அவன் அதற்காக வருத்தப்பட்டான் என்றா நினைக்கிறீர்கள்? "அக்கா என்னைப் பாத்தாங்க" என்று ஊர் முழுக்கக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

கிணறும் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் படி ஒன்று தெரிந்தது, அப்புறம் அடுத்த படி. சென்னியப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு, படியில் பாசி பிடித்திருக்கிறது என்று புலம்பினார். இத்தனை வருஷமாகப் பாசியைப் பார்த்துப் புலம்பக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இங்கே சங்கத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பணம் வாங்காமல் வேலை செய்கிறாளே என்று ஊர் பேசிவிடுமோ என்று பயந்து, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஆற்றைக் காத்த அன்னை என்று பட்டம் கொடுத்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் நிஜமாகவே கண் கலங்கிக் கும்பிட்டார். மாராத்தாவுக்கு மனசு இளகிவிட்டது. மறுநாள் எத்தனை தரம் சீ என்றும் தண்ணீர் தெளியவில்லை, ஆரஞ்சு நிறத்தில் அப்படியே நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. மருந்து அவள் வாயில் இல்லை, நம்மிடத்தில்தான் இருக்கிறது. நாம் எவ்வளவுக்கு எவ்வளவு ஈனமாக நடந்துகொள்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு தண்ணீர் தெளியும். இதைக் கேட்டு ஊர் வெட்கப்படவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டது. மரியாதை செய்வதுதான் அவர்களுக்குச் சிரமமாக இருந்தது, இது கைவந்த வேலை.

அதிலிருந்து தினம் காலையில் ஒருவர், முறை வைத்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் மாராத்தாவுக்கு எதிரில் வந்து நின்று தன் ஈனத்தனத்தைக் காட்டினார். அவள் அதைப் பார்த்து, கிளம்பி வருவதைச் சட்டென்று தண்ணீரில் இறக்க வேண்டும். விரல் துண்டான கூலிக்காரனை வாசலில் உட்கார வைத்துவிட்டு அன்றைக்கே ரத்ததான முகாமில் மாலை போட்டுக்கொண்ட கதையை ஒரு பட்டறைக்காரர் தானே ரசித்து ரசித்துச் சொன்னார், நீலம் நொடியில் இறங்கியது. விதவைத் தங்கச்சியின் பங்கை எழுதி வாங்கியவர், வாங்கும்போது எப்படி அழுதாரோ அதே மாதிரி அழுது காட்டினார், சிவப்பு இறங்கியது. ஒரு கவிஞர் வந்து பொன்னுலிங்கத்தை மேகமே, மழையே, மடை திறந்த வள்ளலே என்று பாடினார், அன்றைக்குப் பக்கத்துத் தொட்டியும் சேர்ந்து தெளிந்தது.

போட்டி வந்துவிட்டது. "உன்னுதுக்குப் பாதித் தொட்டிதானப்பா தெளிஞ்சுது, என்னுதுக்கு அடியில கெடந்த ஆணி தெரிஞ்சுதே" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முறை கிடைக்காதவர்கள் சிபாரிசுக்கு அலைந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தார்கள், கை கூப்பிய படத்துக்குக் கீழே, 'மாராத்தாவின் சீ பெற்ற செம்மலை வாழ்த்துகிறோம்' என்று எழுதி, வாழ்த்துகிறவர்கள் படத்தையும் வரிசையாகப் போட்டு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பேருக்குப் பின்னால் அதையும் சேர்த்து அச்சடித்தார்கள். ஒரு ஊர் அத்தனை பேரும் காறித் துப்பப்படுவதற்கு வரிசையில் நிற்பதும், துப்பியதைத் துடைக்காமல் பதக்கம் மாதிரி வைத்துக்கொள்வதும் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மருந்துச் செலவு மிச்சமானதால் பட்டறைகள் பெருகின, தண்ணீர் பெருகியது, ஒரு நாளும் இல்லாத அளவுக்குக் கறுப்புச் சாய ஆர்டர் ஒன்று வந்து குவிந்தது. அதே நேரத்தில் மாராத்தாவுக்குள் ஒன்று தேய்ந்துகொண்டு வந்தது. எந்த ஈனத்தனமும் தினம் பார்த்தால் பழகிவிடும். அவள் நின்று பார்ப்பாள், வயிற்றில் ஒன்றும் கிளம்பாது, கொட்டாவிதான் வரும். கறுப்பு இறங்க மறுத்தது. கிணற்றில் மூன்றாவது படி மறைந்தது, அப்புறம் இரண்டாவது. அந்தச் சமயம் பார்த்து அதிகாரி வருகிறார் என்று தகவலும் வந்தது.

பொன்னுலிங்கம் யோசித்தார். அவர் யோசித்தால் நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை. காரை எடுத்துக்கொண்டு, மாராத்தா இல்லாத நேரமாகப் பார்த்து, சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனார்.

"மச்சான், உங்கூட்டுக்காரிக்கு சரக்கு தீந்து போச்சு. நாளைக்கு அதிகாரி வாராரு. கறுப்பு எறங்கலைன்னா பிளாண்ட்டுக்குப் பூட்டு. பிளாண்ட்டுக்குத்தான் பூட்டு, பட்டறைக்கில்ல, அதை நாங்க எப்புடியாச்சும் ஓட்டிக்குவோம், முன்ன மாதிரி நேரா ஆத்துலதான் உடுவோம். அப்புறமேலுக்கு உன்ற கெணறு கெணறாவா இருக்கும்?"

"அதுக்கு நானென்ன பண்றது?"

"அவ எளக்காரமாப் பாத்துப் பழகாத ஆளு ஒருத்தந்தான் பாக்கி. அது நீதான்."

சென்னியப்பன் நெடுநேரம் புலம்பினார். பொன்னுலிங்கத்தைப் புலம்பினார், பட்டறையைப் புலம்பினார், கார் டயர் பட்டுச் சாய்ந்த கீரைப் பாத்தியைப் புலம்பினார். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். முதல் படியின் விளிம்பில் கறுப்பு நக்கிக்கொண்டிருந்தது. "அவகிட்ட முன்கூட்டிச் சொல்லிப் போடறேன்" என்றார்.

"சொன்னா வேலைக்காவாது. தெரிஞ்சு பாத்தா வருமா?"

மறுநாள் அதிகாரி வந்தார், குடை பிடித்தார்கள், தொட்டி ஓரத்தில் நிறுத்தினார்கள். தொட்டி தார் மாதிரி நின்றது. பொன்னுலிங்கம் கையைத் தட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், சென்னியப்பன் வந்தார். மாராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாட்டுப் போசியை மறந்துவிட்டேனோ, அதைக் கொண்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்தாள்.

பிளாண்டிலிருந்து வெளியே போகிற குழாயில் பிடித்த தண்ணீர் ஒரு டம்ளரில் இருந்தது. இருட்டின் நிறம். சென்னியப்பன் அதை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டு அதிகாரியைக் கும்பிட்டுச் சொன்னார்: "எளநியாட்ட இருக்குதுங்க சாமி. எங்க கெணத்துல ஒரு காலத்துலயும் சாயம் வரலீங்க. இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க. மொதலாளிமாரு கிட்டக் காசு புடுங்கலாமுன்னு பொய் சொன்னேனுங்க." சொல்லிவிட்டு, போதாது என்று யாரோ கண் காட்டினதால், பொன்னுலிங்கத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பொன்னுலிங்கம் காலை நகர்த்தவில்லை, இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார்.

எழுந்தபோது அவர் மாராத்தாவைத்தான் பார்த்தார். கிணத்துக்காகத்தான் புள்ள, தெரியுதில்ல, என்று அந்தப் பார்வை கேட்டது. அவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்தும், அடிவயிற்றிலிருந்து, வருஷக்கணக்கில் யாருக்கும் கிளம்பாத பாரத்தோடு, அது கிளம்பிவிட்டது. தண்ணீரின் பக்கம் திரும்ப முயன்றாள். கழுத்து திரும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னாள். பாதி தொட்டியில் விழுந்தது, பாதி அவர் மேல் விழுந்தது.

தொட்டி தெளிந்தது என்று சொன்னால் போதாது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அதிகாரி குடையின் நுனியை விட்டுப் பார்த்தார். கைத்தட்டல் எழுந்தது. கைத்தட்டலுக்கு நடுவில் சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குள் இருந்த கோபம், குறை, ஆசை, கிணற்று நினைப்பு, காக்காய் மேலிருந்த வருத்தம், எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பாதமும் அம்மிக்கல் மாதிரி வீங்கின. முகம் மட்டும் கழுவித் துடைத்த கண்ணாடி போலாகி, எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தது. வண்டி வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கிணறு அடிவரைக்கும் தெளிந்துவிட்டது. எப்போதோ விழுந்த வாளி அடியில் கிடப்பது தெரிந்தது. மாராத்தா அந்தத் தண்ணீரை மொண்டு அவருக்குக் கொடுத்தாள். "நல்லா இருக்குது" என்றார். குழம்பு வைத்தாள், வேண்டுமென்றே உப்பைக் கொட்டி வைத்தாள். "நல்லா இருக்குது" என்றார். பக்கத்துக் காட்டு ஆடுகள் உள்ளே வந்து கீரையை மேய்ந்தன, அதையும் நல்லா இருக்குது என்றார். அவள் அவர் முன்னால் உட்கார்ந்து, "என்னைய ரண்டு வார்த்தை வையுங்க மாமா, அன்னிக்கு நான் அப்புடிப் பாத்தது தப்புத்தானே, வையுங்க" என்று கெஞ்சினாள். அவர் கண்ணாடி முகத்தால் சிரித்தார். அந்த வீட்டில் ரேடியோ நின்றுபோனது.

ஊர் அவரைப் பார்க்கத் திரண்டு வந்தது. துக்கம் விசாரிக்க வந்தது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். "என்னவொரு தெளிவு, எதுக்கும் கொறை சொல்றதில்ல பாரு" என்று வியந்தது. பொன்னுலிங்கத்துக்கு ஒரே நாளில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. தண்ணீருக்கு எதற்கு மருந்து? தண்ணீரைக் குறை சொல்கிறவனுக்குப் போட்டால் போதாதா? ஆற்றோரத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்கிற ஒவ்வொருத்தனையும் மாராத்தா ஒரு பார்வை பார்த்துவிட்டால் அதன் பிறகு ஆறு எந்த நிறத்தில் ஓடினால்தான் என்ன?

இதில் கேவலம் என்னவென்றால், ஆற்றோரத்துக்காரர்களைப் பிடித்து இழுத்து வர வேண்டிய அவசியமே வரவில்லை. அவர்களே வந்தார்கள். குடிகாரனை இழுத்துக்கொண்டு பொண்டாட்டி வந்தாள், வாயாடிப் பொண்டாட்டியை இழுத்துக்கொண்டு புருஷன் வந்தான், கூலி கேட்ட ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மேஸ்திரி வந்தான், காதலித்த பெண்ணைக் கையைக் கட்டி அப்பன் கூட்டி வந்தான். சில பேர் யாரையும் கூட்டி வராமல் தாங்களே வந்து, "எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லீங்கக்கா, என்னென்னமோ நெனப்பு வருது, ஒரு பார்வை பாத்து உட்ருங்க" என்று கேட்டார்கள். செருப்புக்கடைக்காரன் முறத்தளவுக்குச் செருப்பு வரவழைத்து வைத்தான். மாராத்தா கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் பார்க்கவில்லை. பொன்னுலிங்கத்தின் கார் தினம் வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அப்படி ஒரு நாள் ஹாரன் அடித்தபோது அவள் கதவைத் திறந்தாள். ரோட்டுப் பக்கம் போகவில்லை. சென்னியப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். இதற்காகவா அவரைக் கொடுத்தேன் என்று அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. தேங்காய் பறிக்கிற நீளத் தொரட்டியை எடுத்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி, கிணற்றுப் படியில் இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்கி, தொரட்டியை அடிவரைக்கும் விட்டு, வெறி பிடித்த மாதிரி கலக்கினாள்.

அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்தது எழுந்தது. சிவப்பு எழுந்தது, நீலம் எழுந்தது, பள்ளிக்கூடப் பச்சை எழுந்தது, அன்றைக்கு இறங்கிய கறுப்பும் சுருள் சுருளாக எழுந்தது, கண்ணாடியாக இருந்த கிணறு கண் மூடித் திறப்பதற்குள் குழம்பிக் கொதித்தது. அவள் நிறுத்தவில்லை. கை ஓய்ந்தபோது, யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டு, மறுபடியும் கலக்கினாள்.

மேட்டில் சென்னியப்பனின் சிரிப்பு முதலில் ஒரு ஓரத்தில் கோணியது. அம்மிக்கல்லாக இருந்த கட்டைவிரல் அசைந்தது. முழங்காலில் ஒரு நடுக்கம் ஏறி, தொடை வழியாக, வயிற்று வழியாக, கலங்கிக்கொண்டே மேலே வந்து, கண்ணாடி முகத்தில் ரத்தம் பாய்ந்தது.

"ஏ புள்ள," என்றார், குரல் துருப்பிடித்த கப்பியாட்டம் இருந்தது. "ஏ கிறுக்குப் புள்ள, என்னடி பண்ற? இப்பத்தான தெளிஞ்சுது? எத்தனை வருசம்? இதுக்காகப் போயி நான் அந்த நாய் கால்ல உழுந்தெந்திரிச்சு வந்தனே, அதைக் கலக்கறயே, உனக்கு மூளை இருக்குதா? அந்தத் தொரட்டி முந்தாநேத்துத்தான் கட்டுனது, அதையும் ஒடைச்சுப் போடு. குழம்புல உப்பக் கொட்டித் தொலைச்சயே, அதை நெனச்சாலே நாக்கு எரியுது. கீரையெல்லாம் எவன் ஆடு தின்னுச்சு? பாத்துட்டு நின்னயா?"

எழுந்து நின்றார். கால் இன்னும் கனமாகத்தான் இருந்தது, தடுமாறினார், அந்தத் தடுமாற்றத்துக்கும் கிணற்று மேட்டைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். ரோட்டில் கார் மறுபடி ஹாரன் அடித்தது. அந்தப் பக்கம் திரும்பி, "எவன்டா அவன், எழவு வீட்டுக்கு வந்தவனாட்ட!" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி மாராத்தாவிடம் ஆரம்பித்தார்.

இடுப்புவரை ஏழு நிறம் அப்பிக்கொண்டு, தொரட்டியைப் பிடித்தபடி, படியில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னஞ் சொல்லுங்க மாமா" என்றாள்.